தொப்பியில் கறுப்பு நாடா

முதலில் அந்த இளநீரைக் குடியுங்கள், இன்ஸ்பெக்டர். சூடேறிவிட்டால் ருசிக்காது. ஆக்லாந்திலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறீர்கள். கடிதம் போட்டு வரவழைத்தவன் நான்தான். புகாருக்குப் போகும் முன் என் ஒன்பது வருஷ மந்திரி வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் மனைவி செய்த அநியாயம் உங்களுக்குப் புரியாது.

எங்கள் தீவில் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், தாழை ஓலையில் முடைந்த தொப்பியில் கறுப்பு நாடா கட்டிக்கொள்வோம். ஆறு மாதம். நாடா கட்டினவனோடு யாரும் எதிலும் போட்டி போடமாட்டார்கள். படகுப் பந்தயத்தில் துடுப்பைத் தூக்கிக்கொள்வார்கள். சீட்டாட்டத்தில் கையில் துருப்பு இருந்தாலும் மறைத்துக்கொண்டு தோற்பார்கள். தேர்தலும் போட்டிதானே?

ஒன்பது வருஷத்துக்கு முன் நான் தோற்க வேண்டியவன். எதிரே நின்றவன் தவிதா. முரசு அடிப்பான், பெரிய சூரை மீனாகப் பிடித்து ஊருக்கெல்லாம் பங்கு வைப்பான், எல்லாருக்கும் செல்லம். மனுத்தாக்கலுக்கு ஒரு வாரம் முன் என் அப்பா இறந்தார். எண்பத்தாறு வயது, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கத்திலேயே போனார். அதில் எனக்குப் பங்கில்லை, குறித்துக்கொள்ளுங்கள். அடக்கத்துக்கு வந்த தவிதா என்னைக் கட்டிப்பிடித்து அழுதான்.

"நாடா கட்டினவனோட நான் மோதுவனாடா? மூணு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம், போ," என்று சொல்லி, மனுவை அங்கேயே கிழித்துப் போட்டான். நானும் அழுதேன். அப்படித்தான் மந்திரியானேன். சுகாதாரம், விமானத்தளம், பண்பாடு, மூன்று துறைகள்.

நல்ல மந்திரி என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்களின் காலத்தில், நோயாளிகளை ஆக்லாந்துக்குக் கொண்டுபோகும் குட்டி விமானத்தில் மந்திரியின் மச்சான்கள்தான் பல்வலிக்குக்கூட ஏறிப் போவார்கள். டாக்டர் எழுதுவார், மந்திரி கையெழுத்துப் போடுவார், ஒரு பயணத்துக்கு ஒரு நோயாளி. அந்த அநியாயத்தை நான் ஒழித்தேன். பட்டியலில் என் சொந்தக்காரர்கள் எப்போதும் கடைசி. ரேடியோவில் இரண்டு நாள் என்னைப் பாராட்டினார்கள்.

அடுத்த தேர்தல் நெருங்கும்போது இயோனா பெரியப்பாவுக்குச் சர்க்கரையில் கால் அழுக ஆரம்பித்தது. உடனே அனுப்பணும் என்றார் டாக்டர். பட்டியலில் அவருக்கு முன்னால் ஒரு கண்புரை, ஒரு மூட்டுவலி, ஒரு கோணல் பல் இருந்தன. விதியை மாற்ற மனம் வரவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெரியப்பா, "நம்ம பய ரொம்ப நேர்மையானவன், எனக்கே மொதல் எடம் குடுக்கல பாரு," என்று பெருமையாகச் சொல்வாராம். பாவம். மனுத்தாக்கலுக்கு எட்டு நாள் முன் போய்ச் சேர்ந்தார். தேதி அப்படி அமைந்தது.

மூன்றாவது தேர்தலின்போது மாமியார் வாயிதேவுக்கு நெஞ்சுக் கோளாறு. அந்தச் சமயம் பட்டியலில் வேறு ஆளே இல்லை. நானே வீடு வீடாகப் போய், "உடம்புக்கு ஏதாச்சும் செய்யுதா? இடுப்பு கிடுப்பு வலிக்குதா?" என்று விசாரித்து ஆறு பேரைச் சேர்த்தேன். இப்படி அக்கறையான மந்திரியைக் கண்டதில்லை என்று ஊரே உருகியது. அத்தையின் அடக்கத்தன்று என் மனைவி துவாய்னேதான் என் தொப்பியில் நாடா கட்டினாள். கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டாள், அன்று முழுக்க எனக்குத் தலைவலி.

இந்த வருஷம்தான் சங்கடம். வீட்டில் பெரியவர்கள் தீர்ந்துபோனார்கள். தவிதா வேறு புது முரசு வாங்கியிருந்தான். அப்போது பார்த்து துவாய்னேவுக்குக் குடல்வால் வீங்கியது. நர்ஸ் மெரே தாளோடு என் அலுவலகத்துக்கு ஓடிவந்தாள்.

"அண்ணே, அண்ணிக்கு எந்த நேரமும் வெடிச்சுரும். சீக்கிரம் கையெழுத்தப் போடுங்க."

"பட்டியல்ல எத்தனாவது?"

"பட்டியல்ல வேற யாருமே இல்லண்ணே."

"அப்ப நாலு பேரு சேரட்டும்மா. எம் பொண்டாட்டிங்கிறதுக்காக அவசரப்பட முடியுமா?"

மெரே தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கும் வருத்தம்தான் இன்ஸ்பெக்டர். இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள். தேங்காய்ப் பாலில் அவள் ஊறவைக்கும் மீனுக்கு ஈடே கிடையாது. அன்று மத்தியானம் தொப்பியை எடுத்துத் தூசி தட்டி வைத்தேன்.

அந்த மெரே என்ன செய்தாள் தெரியுமா? மந்திரிக்கு மட்டும் பட்டியல் கிடையாது, கையெழுத்தும் வேண்டாம். அது நானே போட்ட விதி. "மந்திரிக்கு நெஞ்சுவலி" என்று விமானக்காரனுக்குச் சொல்லிவிட்டாள். விமானம் விழுந்தடித்து வந்தது. ஏறிப் போனவள் துவாய்னே.

மூன்று வாரம் கழித்து, மனுத்தாக்கலின் கடைசி நாளில் வந்து இறங்கினாள். தலையில் தாழைத் தொப்பி. தொப்பியில் கறுப்பு நாடா. கையில் மனு. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தவிதா பதறிவிட்டான்.

"ஐயோ, யாருக்குக்கா துக்கம்?"

"எம் புருஷனுக்கு."

"அவரு எம் பின்னாடிதானே நிக்கிறாரு?"

"தெரியும்ப்பா. பட்டியல்ல வெச்சிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. நாடா கட்டினவளிடம் இரண்டாம் முறை கேட்பது எங்கள் வழக்கமில்லை. தவிதா தன் மனுவைக் கிழித்தான். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பண்பாட்டு மந்திரி நான், என்ன செய்வேன்? என்னுடையதையும் கிழித்தேன். இப்போது மூன்று துறையும் அவள் கையில்.

பெரியப்பாவைப் பற்றியும் அத்தையைப் பற்றியும் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். சரி, மறைக்க என்ன இருக்கிறது? அனுப்பியிருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள். தெரிந்துதான் அனுப்பவில்லை. துவாய்னேவையும் அப்படித்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் புகாரையும் அதே தாளில் எழுதுங்கள். உயிரோடு இருப்பவனுக்கு நாடா கட்டி அவள் ஊரை ஏமாற்றிவிட்டாள். நான் ஒரு தடவைகூட அப்படிப் பொய்யாகக் கட்டியதில்லை. நான் கட்டிய ஒவ்வொரு நாடாவுக்கும் ஒரு பிணத்தைக் காட்டியிருக்கிறேன்.