காக்காவை இறக்கினது யாரு?

காக்கா: கதவைச் சாத்திட்டு வாடா. எதிர் வீட்டுக்காரன் எட்டிப் பாப்பான்.

விசில்: சாத்துறேன். நீ மொதல்ல லைட்டைப் போடு. பொழுது சாயுற நேரத்துல இருட்டுல உக்காந்துக்கிட்டு...

காக்கா: கண்ணு கூசுது மச்சான்.

விசில்: கூசாம என்ன செய்யும்? இப்பவும் போட்டிருக்கியா?

காக்கா: இல்ல.

விசில்: காக்கா...

காக்கா: கொஞ்சம். மத்தியானம். கை நடுங்குச்சு, அதை நிறுத்தத்தான்.

விசில்: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குற. வாசல்லயே நாறுது. இந்த நாற்காலியில கிடக்குற துணியை எங்க போட?

காக்கா: கட்டில்ல தள்ளு. உக்காரு. ... இன்னைக்கு கிரேன்ல யாரு ஏறினா?

விசில்: புதுசா ஒருத்தன். கம்பெனி அனுப்பியிருக்கு.

காக்கா: என் சீட்டுலயா?

விசில்: வேற எங்க உக்காருவான், கொக்கியிலயா?

காக்கா: ம்... எப்படி ஓட்டுறான்?

விசில்: ஓட்டுறான். கீழ நின்னு நான் வாக்கி டாக்கியில இடதுன்னா இடது, இறக்குன்னா இறக்குறான். ஒரு வார்த்தை திருப்பிப் பேசல.

காக்கா: அவனுக்கும் பாட்டுப் பாடினியா?

விசில்: அவனுக்கு எதுக்குடா பாடணும்? நீ கொட்டாவி விடுறது என் காதுல கேக்கும். தூங்கி விழுந்துடப் போறியேன்னு பாடுவேன்.

காக்கா: கழுதை தேவலாம்னு இருக்கும்.

விசில்: அப்ப ஏன்டா "இன்னொரு தடவை"ன்னு கேப்ப?

காக்கா: அந்தக் கண்ணாடிக் கூண்டுல நீ ஒரு நாள் உக்காந்து பாத்திருக்கணும். கீழ ஊரே திரியுது, ஆனா ஒரு சத்தம் மேல வராது. காத்து ஒண்ணுதான் ஊய்னு... நடுவுல உன் குரல் வந்தாத்தான் நானும் மனுஷன்னு ஞாபகம் வரும்.

விசில்: நான் பேசாத நேரத்துக்குத்தான் பாட்டிலா? தண்ணி பாட்டில்ல சரக்கை ஊத்திட்டு ஏறுவியே. எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச?

காக்கா: தெரிஞ்சு என்ன செஞ்ச?

விசில்: என்ன செஞ்சேனா? காலையில உன் வாயை மோந்து பாத்துட்டு, ஏலக்காய் குடுத்து ஏத்தி விட்டேன். அதான் செஞ்சேன். பெரிய கூட்டாளி.

காக்கா: சரி, அதை விடு. ஒண்ணு சொல்லு. என்னைப் போட்டுக் கொடுத்தது யாரு?

விசில்: யாரா இருந்தா என்ன?

காக்கா: வேற யாரு, வெல்டர்தான். நான் மேல இருந்து எச்சி துப்பினேன்னு சண்டைக்கு வந்தான் பாரு, அன்னையில இருந்தே கறுவிட்டு இருந்தான்.

விசில்: அவன் பாவம். உன்னை இறக்கின அன்னைக்கு அவன் லீவு.

காக்கா: அப்ப வாட்ச்மேன். கேட்ல என் பையைத் தடவித் தடவிப் பாப்பான்.

விசில்: அந்தாளுக்குக் கண்ணே சரியாத் தெரியாதுடா.

காக்கா: கண்ணு தெரியலேன்னா மூக்கு இருக்குல்ல? எவனோ சொல்லாமலா சூப்பர்வைசர் நேரா வந்து "இறங்கு, ஊது"ன்னாரு?

விசில்: கொக்கியில தொங்கின கம்பிக் கட்டு ஆடின ஆட்டத்தைப் பாத்தா எவனும் சொல்லாமலே வந்திருப்பாரு.

காக்கா: அது காத்து.

விசில்: காத்தா?

காக்கா: நாளைக்கு ஆபீஸ்ல உன்னையும் விசாரிப்பாங்க. காத்து திடீர்னு தூக்கிடுச்சுன்னு சொல்லு. சிக்னல் குடுத்தவன் சொன்னா எடுபடும்.

விசில்: காக்கா, அன்னைக்கு ஒரு இலை கூட அசையல.

காக்கா: சொல்லுவியா, மாட்டியா?

விசில்: கீழ ரெண்டு பொம்பளைங்க சிமென்ட் சட்டியோட நின்னாங்க. நான் "நிறுத்து, நிறுத்து"ன்னு கத்துறேன். நீ நிறுத்தல. ஒருத்தி தலைக்கு ஒரு முழம் மேல கம்பி போச்சு... சட்டியைப் போட்டுட்டு அப்படியே உக்காந்துட்டா. அழக் கூட இல்ல. அவளைத் தூக்கி விடப் போனா, என் கையையே பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறா.

காக்கா: அவ வேலைக்கு வர்றாளா?

விசில்: வரல.

காக்கா: ம்.

விசில்: உன் பொண்டாட்டி போன் பண்ணுச்சா?

காக்கா: அவளா? கோவிச்சுக்கிட்டு அக்கா வீட்ல போயி இருக்கிறவ எதுக்குப் பண்ணப் போறா? நான்தான் பண்ணுவேன். பாப்பா வந்து "அப்பா, சாப்டீங்களா"ன்னு கேக்கும். நான் பதில் சொல்றதுக்குள்ள டிவி பாக்கப் போயிடும்.

விசில்: நீ சாப்டியா?

காக்கா: நீயுமா? கழுவுற மீன்ல நழுவுற மீனா இருக்கியே. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. யாரு? வெல்டர் இல்ல. வாட்ச்மேன் இல்ல. அப்ப கம்பி இறக்க வந்த லாரிக்காரனா?

விசில்: நான்தான்டா. நான்தான் சொன்னேன். அந்தப் பொம்பளை கையை விடுவிச்சுட்டு நேரா சூப்பர்வைசர்கிட்ட போனேன். அடிக்கணும்னா அடி. பாட்டிலை வேணா தூக்கி எறி. ஏதாவது சொல்லேன்டா.

காக்கா: டீ போடட்டுமா? பால் இல்ல. கறுப்பா குடிப்பியா?

விசில்: காக்கா!

காக்கா: தெரியும்டா.

விசில்: என்ன தெரியும்?

காக்கா: நீ அவர்கிட்ட பேசினப்ப வாக்கி டாக்கி பட்டன் உன் கையில அமுங்கியே இருந்துச்சு. மேல எனக்கு ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு. "அவன் என் உசுரு சார். ஆனா இறக்கிடுங்க. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு யாரையாவது கொன்னுடுவான், அப்புறம் அவனும் இருக்க மாட்டான்"னு. மூக்கை உறிஞ்சினது கூடக் கேட்டுச்சு. எனக்காக ஒருத்தன் அழுது அப்பதான் கேட்டேன்.

விசில்: அடப்பாவி...

காக்கா: நாளைக்கு நானே ஒத்துக்கப் போறேன். நீ வாயைத் திறக்க வேணாம்.

விசில்: கிரேன் இனிமே கிடைக்காதுடா. அதை அவர் கறாரா சொல்லிட்டாரு. வைத்தியத்துக்குப் போயி, சரியாகி வந்தா கீழ ஸ்டோர்ல ஏதாவது பாக்கலாம்னாரு. உறுதியா சொல்லல. நாளைக்கு ஆபீஸ் முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். லீவு சொல்லிட்டேன்.

காக்கா: ம்... கீழன்னா நாலு பேரு இருப்பாங்க. போவோம்.

விசில்: இரு, இரு. எல்லாம் தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் வெல்டரு, வாட்ச்மேன், லாரிக்காரன்னு கதை விட்ட? காத்துன்னு பொய் சொல்லச் சொன்ன? என்னை நெளிய வச்சு வேடிக்கையா பாத்த?

காக்கா: வேடிக்கை இல்ல மச்சான். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுக் கிளம்பிடணும்னு நீ வந்தது மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு. வந்ததுமே "தெரியும்"னு சொல்லியிருந்தா, எந்திரிச்சுப் போயிருப்ப... இந்த வீட்ல ஒரு ஆளு உக்காந்து என்கூடப் பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?