ரெண்டடி வித்தியாசம்

– சிரிக்காதீங்க இன்ஜினியரே! அடுத்த வெள்ளிக்கிழமை என் மகளுக்குப் பிரசவ நாள். அவ அக்கரைல, ஆஸ்பத்திரி இக்கரைல. வெள்ளம்னு படகையும் நிறுத்தியாச்சு. பாலம் சேர்ந்துச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க.

– சேர்ந்துச்சு தலைவரம்மா. அதாவது, கிட்ட வந்துச்சு. நம்ம பக்கத்துப் பாதி ரெண்டடி தாழ்வா நிக்குது.

– இன்னுமா? என்னய்யா இது கூத்து! உலகத்துலயே பெரிய நாடு ரெண்டு நம்ம ஆத்துக்குச் சேர்ந்து கட்டிக் கொடுக்கற பாலம்யா!

– சேர்ந்து எங்கேம்மா கட்டினாங்க? இக்கரைல சமத்துவக்காரங்க, அக்கரைல சுதந்திரக்காரங்க. யாரு முதல்ல நடு ஆத்தைத் தொடுறாங்களோ, அவங்க கொள்கைதான் உலகத்துக்கு நல்லதுன்னு பந்தயம். இங்க காலைல எல்லாரும் கூடிக் கையைத் தூக்கினாத்தான் கான்கிரீட்டே போடுவாங்க. அங்க யாரு அதிகமா கம்பி கட்டினாலும் மேடை போட்டுப் பரிசு.

– சரி, உசரத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கக் கூடாதா?

– கேட்டா தோத்த மாதிரியாம்.

– நீங்க எடுத்த அளவு என்னாச்சு?

– சமத்துவக்காரங்க பெரியவர் பார்த்தாரு, இது பழைய உலகத்து அளவுன்னாரு. சுதந்திரக்காரங்க பெரியவர் பார்த்தாரு, அரசாங்க அளவை நம்புறதில்லைன்னாரு. அவங்கவங்க கரையை வச்சு அளந்துக்கிட்டாங்க. நம்ம கரை ரெண்டடி பள்ளம்மா!

– மூணு வாரமா இதைத்தான் சொல்றீங்க. போன வாரம் சரி பண்றேன்னீங்களே?

– பண்ணினேனே! அங்கதான் நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். ரெண்டு பேரையும் தனித்தனியாப் பார்த்து, விட்டுக்கொடுக்கறவங்களத்தான் உலகம் மெச்சும்னு காதுல போட்டேன்.

– நல்ல யோசனைதானே?

– ரொம்ப நல்ல யோசனை. ரெண்டு பேருமே விட்டுக்கொடுத்துட்டாங்க! இவங்க ஜாக்கி வச்சு ரெண்டடி தூக்கிட்டாங்க. அன்னிக்கே அவங்க ரெண்டடி இறக்கிட்டாங்க.

– அப்போ... ஐயையோ! இப்பதானே தாழ்வுன்னீங்க?

– அது போன வாரக் கணக்கும்மா, வாய்ப்பழக்கம். இப்ப நம்ம பாதிதான் ரெண்டடி மேல. யாரோட பெருந்தன்மை பெருசுன்னு இப்போ புதுச் சண்டை.

– கொள்கையாம் கொள்கை! என் பொண்ணு வயித்துப் பிள்ளை எந்தக் கொள்கைக்காகக் காத்திருக்கும்? பயமா இருக்கு தம்பி, ராத்திரி கண்ணே மூடல. நாளைக்கே ரெண்டு பேரையும் இங்க உட்கார வைக்கிறேன். கையைப் பிடிச்சுக் கெஞ்சியாவது ராசியாக்கி அனுப்பிடறேன்.

– நீங்க நெனச்சா முடியும்மா. போன தடவை குப்பை வண்டிக்காரங்க சண்டையை ஒரே டீயில முடிச்சீங்களே.

– அம்மா! கொஞ்சம் தண்ணி கொடேன், எனக்கு மூச்சு வாங்குது.

– அடியே! நீயா? எப்படிடி வந்த? படகு ஏறினியா? வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு!

– நடந்துதாம்மா வந்தேன், பாலத்து மேல. பையைக் கூட பாலத்து வேலையாளுங்களே தூக்கிட்டு வந்தாங்க.

– பாப்பா, நடுவுல ரெண்டடி இருக்கே!

– படி இருக்கே அங்கிள். ரெண்டு பாதியும் கிட்ட வந்த அன்னிக்கே ரெண்டு பக்கத்து வேலையாளுங்களும் சேர்ந்து மரப்படி செஞ்சுட்டாங்க. போன வாரம் உசரம் மாறினதும் அதையே திருப்பிப் போட்டுட்டாங்க.

– நான் தினமும் போறேனே, என் கண்ணுல படலையே!

– நீங்க வெளிநாட்டுப் பெரியவங்களோட போறீங்க. கார் சத்தம் கேட்டதும் தூக்கி ஒளிச்சிருவாங்க. எல்லாம் நம்ம ஊருக்காரங்கதானே! அங்க மாமன், இங்க மச்சான். மதியம் ஒண்ணா உட்கார்ந்துதான் சாப்பாடு.

– என் தங்கமே, நல்லபடியா வந்து சேர்ந்தியே, அது போதும்! ஆனா எதுக்குடி ஒளிக்கணும்? சொல்லியிருந்தா நான் இத்தனை நாள் தவிச்சிருப்பேனா?

– உன்கிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தாம்மா என்னைக் கையைப் பிடிச்சு ஏத்தினாங்க. நீ அந்த ரெண்டு பேரையும் ராசியாக்கிட்டா, அடுத்த ஆத்துக்குப் போட்டி போட்டுப் பாலம் யாரு கட்டுவாங்கன்னு கேக்கறாங்க!