சுவர் இருந்த இடம்

சப்பாத்தைக் கழட்ட வேண்டாம் பிள்ளை, ஈரமெண்டாலும் பரவாயில்லை, அப்பிடியே உள்ளுக்கு வாங்கோ. இல்லையில்லை, உங்கடை வீட்டை இன்னொரு நாளைக்கு வாறன். இண்டைக்கு என்ரை குசினியிலை இருந்து கதைப்பம். தேத்தண்ணி ஊத்தியாச்சு, குடியுங்கோ.

இந்தியாவிலையிருந்து வந்தனீங்கள், எங்கடை தமிழ் விளங்குதுதானே? கதைக்கிறதெண்டால் நீங்கள் பேசுறது எண்டு சொல்லுறதுதான். என்ரை பேர் மரியகொறற்றி. இந்த ஹவுகன்ஸ்டுவாப் பகுதியிலை கொறற்றி அக்கா எண்டால் எல்லாருக்கும் தெரியும். காலமை உங்கடை அவர் மகளைப் பார்னஹாகனுக்கு, அதுதான் பாலர் பள்ளிக்கு, கூட்டிக்கொண்டு போனதைக் கண்டனான். அங்கை பின்னேரம் வரைக்கும் வைச்சிருப்பினம் என்ன? நல்லது. இருக்கட்டும்.

ஓம், ஓம், உங்கடை ஹோல் வடிவுதான். குசினியும் ஹோலும் ஒண்டா, நடுவிலை ஒரு மறைப்பும் இல்லாமல். இப்ப எல்லாருக்கும் அப்பிடித்தான் வேணும். சத்தியபாமாவும் அப்பிடித்தான் ஆசைப்பட்டவ.

ஆரோ? சொல்லுறன். ட்வெய்ட்டா சென்ரர் கடைத்தொகுதிக்குப் பின்னாலை ஒரு மர வீட்டிலை இருந்தவ. முதியோர் இல்லத்திலை வேலை. புருசன் இல்லை, கம்சிகா எண்டு ஒரு மகள். வேலையாலை வந்து குசினியிலை நிண்டால் ஹோலிலை இருந்து படிக்கிற பிள்ளையின்ரை முகம் தெரியேல்லை எண்டு அவவுக்கு ஒரு மனக்குறை. அதுக்குத்தான் கிளெமென்றைக் கூப்பிட்டவ.

கிளெமென்றை இஞ்சை தெரியாத தமிழ் வீடு இல்லை. சின்ன வயசிலை அகதியா வந்து, போலந்துக்காரரோடை நிண்டு தொழில் பழகி, பிறகு தனியக் கொம்பனி துவங்கினவன். குளியலறைக்கு ரைல்ஸ் ஒட்டினானெண்டால் நீங்கள் தடவிப் பாக்கலாம், ஒரு மேடு பள்ளம் இராது. அதோடை நிண்டிருக்கலாம். ஆனால் சனம் சுவர் உடைக்கச் சொல்லிக் கேக்கத் துவங்கிச்சுது. தெரியாது எண்டு சொல்ல அவனுக்கு வாய் வராது. சின்னனிலையிருந்தே அப்பிடித்தான்.

சத்தியபாமா கேட்டவவாம், தம்பி, இந்தச் சுவர் மேல்வீட்டுப் பாரம் தாங்குற சுவரோ எண்டு. அவன் கையைப் பொத்தி ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டு, இல்லையக்கா, இது சும்மா பலகை எண்டவன். பாரம் தாங்குற சுவரெண்டால் எஞ்சினியர் வந்து கணக்குப் பாக்கவேணும், கொம்யூனிட்டை, அதுதான் நகரசபையிட்டை, அனுமதி எடுக்கவேணும், பிறகு மேலை இரும்பு பீம் வைக்கவேணும். உதெல்லாம் பாத்தால் கோடை முடிஞ்சிடும் எண்டு தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உடைச்சுப்போட்டான்.

முதல் கொஞ்ச நாள் ஒண்டுமில்லை. வீடு பாக்க வந்த சனமெல்லாம் ஆகா எண்டிச்சுது. பிறகு மாரி வந்துது. சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை மேலை முகட்டுக்குள்ளை ஆரோ விறகு முறிக்கிற மாதிரிச் சத்தம். மேலறை அலுமாரி சுவரை விட்டு முன்னுக்குச் சாய்ஞ்சு நிக்குது. கூப்பிட்டவுடனை வந்தான். வெடிப்புக்குப் பட்டி பூசி, வெள்ளை அடிச்சு, குளிருக்கு மரம் சுருங்குதக்கா, பயப்பிடாதையுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனான். அவன் பூசின இடத்திலையே திருப்பி வெடிச்சுது. ரெண்டாந்தரம் கூப்பிட ஃபோன் எடுக்கேல்லை.

எடுக்கப் பயம் பிள்ளை. கள்ளன் இல்லை அவன். பயந்தவன். பயந்தவன்தான் கள்ளனை விட மோசம், என்ன?

அவ முறைப்பாடு குடுத்திட்டா. கட்டிட வேலை செய்யிறவையின்ரை அங்கீகாரத்தைப் பாக்கிற அரசாங்க அலுவலகம் இருக்குத்தானே, அங்கை. ஐயோ, எங்கடை சனம் அவவைப் படுத்தின பாடு! ஒரு தமிழன்ரை சோத்திலை மண்ணைப் போட்டிட்டாய் எண்டு ஃபோன் எடுத்துப் பேசினவை. கோயிலிலை பக்கத்திலை இருந்தவை எழும்பிப் போய் மற்றப் பக்கம் இருந்தவை. அவ ஒருத்தரோடையும் சண்டை பிடிக்கேல்லை. என்ரை பிள்ளை அந்த முகட்டுக்குக் கீழை இருந்து படிக்கிறாள், நான் வேறை என்ன செய்ய எண்டு மட்டும் கேட்டவவாம்.

பிறகு அந்த அலுவலகத்திலையிருந்து ரெண்டு பேர் வந்து முகட்டைத் திறந்து பாத்தவங்கள். இரும்பு பீம் இல்லை. ரெண்டு பலகையைச் சேத்து ஆணி அடிச்சுக் குடுத்திருக்கு. ஆணியெல்லாம் வளைஞ்சு போச்சு. ஒருத்தன் மெல்லமாத் திரும்பி, சத்தம் போடாமல், இப்பவே வெளியிலை போங்கோ எண்டவனாம். கோட்டுக் கூடப் போடவிடேல்லை. அண்டைக்கே இரும்புக் கால் குடுத்து முண்டு வைச்சவங்கள்.

விசாரணையிலை கிளெமென்ற் தலை நிமிரேல்லை. எல்லாம் கேட்டு முடிச்ச பிறகு அந்த அலுவலகப் பொம்பிளை அமைதியா ஒண்டு கேட்டவ. இப்பிடி வேறை எந்தெந்த வீட்டிலை செய்தனீர்? அவன், இந்த ஒரு வீடுதான் எண்டு சொன்னவன். அங்கீகாரத்தைப் பறிச்சுப்போட்டினம், கொம்பனி மூடியாச்சு. சனமும் மறந்திட்டுது.

எனக்கு எப்பிடி இவ்வளவும் தெரியுமோ? குடியுங்கோ, ஆறப்போகுது. ஏன் எழும்புறீங்கள்? துணி தோய்க்கப் போட்டிருந்தால் கிடக்கட்டும். இருங்கோ பிள்ளை. தயவுசெய்து இருங்கோ.

கிளெமென்ற் என்ரை தம்பி. கூடப் பிறந்தவன். இப்ப இஞ்சை, என்னோடைதான் இருக்கிறான்.

காலமை அவனுக்குப் பாண் வெட்டிக் குடுத்துக்கொண்டு சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான். முன் வரிசை வீட்டுக்கு இந்தியாத் தமிழ் ஆக்கள் வந்திருக்கினம், சின்னப் பிள்ளையும் இருக்கு, ஹோலை நல்லாப் பெருப்பிச்சுக் கட்டின வீடு, பாவம் எவ்வளவு ஆசையா வாங்கியிருக்கினம் எண்டு. அவன் வாய்க்குள்ளை வைச்ச பாணை விழுங்கேல்லை. எந்த வீடு எண்டு கேட்டான். யன்னலாலை காட்டினன். அதைப் பாத்தான், பிறகு கூரையிலை கிடக்கிற பனியைப் பாத்தான். கிழமைக் கணக்காக் கொட்டின பனி, இப்ப மழையிலை ஊறிப் பாரமாக் கிடக்கு. அக்கா, அதுவும் என்ரை வேலைதான், நீங்கள் இஞ்சை வர முதல், சத்தியபாமா வீட்டுக்கும் முதல் செய்தது எண்டான். அதே மாதிரியோ எண்டு கேட்டன். தலையை ஆட்டினான்.

நான் உடனை அவசர நம்பருக்கு அடிச்சுச் சொல்லிப்போட்டன். ஆக்கள் வருகினம், தாங்கள் வருமட்டும் ஒருத்தரையும் உள்ளுக்கு விடவேண்டாம் எண்டு சொன்னவை. அதுதான் உங்களைக் கூப்பிட்டு இருத்தி வைச்சனான். முதலே சொல்லியிருந்தால் நீங்கள் சாமான் எடுக்கவெண்டு ஓடியிருப்பீங்கள். அந்தா, உங்கடை வாசலிலை பனி வழிக்கிற சவளோடை நிக்கிறது அவன்தான். ஆரும் போகாமல் காவல் நிக்கிறான்.

என்ன? என்ன சொல்லுறீங்கள்? உங்கடை அவர் மகளை விட்டிட்டுத் திரும்பி வந்தவரோ? நான் காணேல்லையே. மேலறையிலையோ இருந்து வேலை செய்யிறார்?

ஃபோன் எடுக்கிறாரில்லையோ, காதிலை மாட்டிக்கொண்டு மீற்றிங்கிலையோ...

நில்லுங்கோ, நீங்கள் போகக்கூடாது, என்னைத் தள்ளாதையுங்கோ பிள்ளை, யன்னலைத் திறக்க விடுங்கோ. தம்பி! டேய் கிளெமென்ற்! மேலை ஆள் இருக்கடா!

கேட்டிட்டுது. சவளைப் போட்டிட்டான்.

என்ரை கையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை. அவன் உள்ளுக்குப் போயிட்டான்.