உருளை இல்லாத டாங்கி

ராத்திரி மணி பதினொன்றரை இருக்கும். அலங்காநல்லூரிலிருந்து மேற்கே போகிற வாய்க்கால் கரை வண்டிப்பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் ஆள் மறைகிற கரும்பு. அந்த நேரத்தில் அங்கே நாய்கூட நடக்காது. எழுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி.

டிராக்டரை அணைத்துவிட்டு இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள். ஆலையில் நம் கரும்பை எடை போட விடிந்துவிடும். பயப்படுகிறவன் இப்போதே எழுந்து போகலாம். பிறகு ஒதுங்கத் துணைக்கு வா என்று என்னை இழுக்கக் கூடாது.

அந்தப் பாதையில் நடந்து வந்தவன் காளை. என் சேக்காளி சிவனாண்டியின் சித்தப்பா. பட்டாளத்தில் டாங்கி ஓட்டிவிட்டு வந்தவன். அன்றைக்குக் கொஞ்சம் குடித்திருந்தான். ஆனால் அவனை எரித்தது சாராயம் இல்லை. செத்துப்போன ஒருவன் மேல் இருந்த பொறாமை.

அந்த ஒருவன் முத்துக்கருப்பன். அதே ஊர், அதே பட்டாளம், வேறு டாங்கி. காளைக்கு முறைப்பெண்ணான செல்லக்கிளியை, கிணறும் தோட்டமும் இருக்கிறதென்று முத்துக்கருப்பனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார் அவள் அப்பன். காளை கல்யாணப் பந்தலில் பந்தி பரிமாறினான். சிரித்துக்கொண்டேதான் பரிமாறினான்.

எழுபத்தொன்றில் சண்டை வந்தது. பாகிஸ்தான்காரன் கொண்டுவந்ததில் பாதி சீனாக்காரன் செய்த டாங்கி. ரஷ்யாக்காரன் கொடுத்த படத்தை வைத்துக்கொண்டு திருகாணிக்குத் திருகாணி அப்படியே செய்தது. டி-59 என்று பேர். நம்மிடம் இருந்ததோ அந்த ரஷ்யாக்காரனின் சொந்தச் சரக்கு. அதே கவிழ்த்த சட்டி மாதிரி தலை, அதே நீளக் குழாய். புழுதியில் தள்ளி நின்று பார்த்தால் எது நம்முடையது, எது அவனுடையது என்று சத்தியமாகத் தெரியாது. அதனால் நம் டாங்கிகளின் பீரங்கிக் குழாயில், நட்டநடுவில், ஒரு தகர உருளையை மாட்டிவிட்டார்கள். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் அடையாளம். உருளை இருந்தால் நம்ம ஆள். இல்லையென்றால் அடி.

சண்டைக்கு முந்தின ராத்திரி முத்துக்கருப்பன் ஒரு டப்பாவைத் திறந்தான். வறுத்த எள்ளின் வாசம்.

"உன் அத்தை மக செஞ்ச எள்ளுருண்டை மாப்ள. அடுத்த மாசம் லீவுல போறேன்ல... உனக்கும் ஒரு டப்பா வாங்கியாரேன்."

காளை தின்றான்.

விடியற்காலையில் வண்டிகள் கிளம்பின. முன்னால் முத்துக்கருப்பனின் டாங்கி. பின்னால் காளை, ஓட்டுகிற இடத்தில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு. முன்வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கிளிப்பு தெறித்து உருளை மணலில் விழுந்ததைக் காளை பார்த்தான். அவன் மட்டும்தான் பார்த்தான். மைக் வாய்க்கு நேராக இருந்தது. ஒரு வார்த்தை போதும்...

சொல்லவில்லை.

புழுதிக்குள் 'நம்ம ஆள் இல்லை' என்று யாரோ கத்தினான். அடித்தது நம் பீரங்கிதான். டாங்கியிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை.

பிறகு ஊர் வழக்கப்படி செல்லக்கிளியைக் காளையே கட்டிக்கொண்டான். நினைத்தது நடந்துவிட்டது. பொறாமை போயிற்றா? எங்கே போகும்! அவள் முதல் கவளத்தைச் சுவரில் இருந்த படத்துக்கு வைப்பாள். தூக்கத்தில் அந்தப் பேரைச் சொல்வாள். போதாததற்கு, முத்துக்கருப்பன் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போன வெள்ளி அரைஞாணை உருக்கி ஒரு காப்பு அடித்துக் காளையின் கையில் மாட்டிவிட்டாள்.

"இது கெடக்குற கைதான் எம்புருசன் கை. கழட்டக் கூடாது."

ஆறு வருஷம் அந்தக் காப்பு கையைச் சுட்டது. அன்றைக்கு வாய்க்கால் கரையில் நின்று பிடுங்கி எறிந்தான். 'ப்ளக்'... தண்ணீர் மூடிக்கொண்டது.

அப்போதுதான் கேட்டது. கட... கட... கட... இரும்புச் சங்கிலி உருளுகிற சத்தம். தரை உள்ளங்காலில் அதிர்ந்தது. டீசல் நெடி. காளை திரும்பிப் பார்த்தான். நிலா வெளிச்சத்தில் அந்தச் சட்டித் தலை. நீளக் குழாய். குழாயில் உருளை இல்லை.

எஞ்சின் அணைந்தது. மேல் மூடி திறந்தது... ணங். யாரோ இறங்கினார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தொப்பென்று வாய்க்காலில் கால் வைக்கிற சத்தம். துழாவுகிற சத்தம். பிறகு ஈரக் காலடி அவனைத் தாண்டி ஊர்ப்பக்கம் போனது. போகும்போது டீசலோடு சேர்த்து வறுத்த எள் மணத்தது.

காளைக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, 'என் வீட்டுக்குப் போகிறான்' என்கிற ஆத்திரம். ஓடினான். வரப்பில் விழுந்து எழுந்து ஓடினான். வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"ஏ புள்ள, கதவத் தெற!"

"யாரது?"

"நாந்தான்டி, காளை!"

உள்ளே செம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரு இந்தா சாப்பிட்டுக்கிட்டிருக்காரே... நீ யாருய்யா?"

ஜன்னல் இடுக்கில் பார்த்தான். இலைக்கு முன்னால் காளை உட்கார்ந்திருந்தான். அதே மீசை, அதே நெற்றித் தழும்பு. வலக் கையில் ஈரம் சொட்டுகிற வெள்ளிக் காப்பு.

செல்லக்கிளி கதவை ஒரு விரற்கடை திறந்தாள்.

"எம்புருசன்னா... எங்க, கைய நீட்டு."

நீட்டினான். வெறுங்கை. கதவு சாத்திக்கொண்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? போன மாசி அமாவாசைக்குச் சிவனாண்டி அந்த வீட்டில் படுத்திருந்தான். நடுச்சாமத்தில் கதவுக்கு வெளியே ஒரு குரல். சித்தப்பா குரல். மணலில் விழுந்த உருளையிலிருந்து எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னது. தாங்க முடியாமல் செல்லக்கிளி எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

இருட்டுக்குள் ஒரு கை அவள் கையைப் பிடித்தது. காப்பு கணகணத்தது. எள் வாசம்.

"தெறக்காத புள்ள," என்றது, சித்தப்பாவின் அதே குரல். "நம்ம ஆளு இல்ல."