ஜெயில் பார்க்க வந்த நிறைமாதக்காரி

போர்ட் பிளேரின் பழைய ஜெயிலைச் சுற்றிப் பார்க்க வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற நிறைமாதக்காரி என் காலடியிலேயே பிள்ளை பெறப்போகிறாள் என்று நம்பி, மறைப்புக்குக் குடையை விரித்துவிட்டேன்.

"அரே, பிரசவத்துக்குத்தானே ரங்கத் ஊர்ல இருந்து கூட்டிட்டு வந்தேன்? நேரா ஆஸ்பத்திரிக்கு நட," என்றார் அவள் கணவர்.

"அதுவும் இதே மதிலுக்குள்ளதானே இருக்கு, எங்க ஓடிடும்? ஜெயில் மாடி மேல ஏறிக் கடலைப் பார்த்துட்டு வர்றேன்."

"பிள்ளை பிறந்தப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்போ பிள்ளையைத் தூக்கிட்டு ஏறணும். இப்போ கை ரெண்டும் சும்மாதானே இருக்கு?"

"படியில வலி வந்தா?"

"இறங்கிடறேன்."

"டீக் ஹை, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு ஏறு."

அவள் ஏறினாள், ஆசை தீரக் கடலைப் பார்த்தாள், இறங்கித் தன் காலாலேயே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். பயந்துகொண்டே பின்னால் ஏறி, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டவன் நான்தான்.