மூவாயிரம் கால்கள் வீடு மாறிய விவகாரத்தில் ரீல் மாமா சொன்னது

பெயர்: பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரை என் மனைவியே மறந்துவிட்டாள். தெருவில் "ரீல் மாமா" என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். அவ்வாறே எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொண்டேன்.
வயது: ஐம்பத்தெட்டு. தலைக்குச் சாயம் அடித்த வாரத்தில் நாற்பத்தைந்து.
தொழில்: செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் ஸ்டோர் பொறுப்பு.
முகவரி: பட்டறையின் பின்சந்து, டயர் கடை மாடி, குழாய் ஒழுகும் வீடு.

நான் மேற்படி முகவரியில் மனைவியுடன் வசித்து வருகிறேன். குற்றம் சாட்டப்பட்டுள்ள பெண் என் தங்கை மகள், எனக்கு மருமகள் முறை. அவள் எங்கள் பட்டறையில் கம்ப்யூட்டர் நிர்வாகம் பார்க்கிறாள். அவளுக்கு இணையான மூளை பூமியில் இன்னும் இறக்குமதி ஆகவில்லை என்று நான் கூறியபோது, நடந்ததை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும்படி நிலைய எழுத்தர் எச்சரித்தார். அதன்பேரில் கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களின் காலை முதலில் கேமராவால் சுற்றிச்சுற்றிப் படம் எடுப்பார்கள். அந்த உருவம் கம்ப்யூட்டரில் ஏறும். அதைப் பார்த்துத்தான் இயந்திரம் காலைச் செதுக்கும். பிற்பாடு கால் விரிசல் விட்டால் ஆள் வரவேண்டியதில்லை, சேமித்த உருவத்திலிருந்தே புதியது செய்து அனுப்பிவிடுவோம். உருவம் தொலைந்தால் அந்த ஆள் ஒற்றைக் காலோடு வீட்டில் உட்காரவேண்டியதுதான். இப்படிச் சேர்ந்த கால்கள் ஒரு கோடிக்கு மேல் இருக்கும். (எழுத்தர் கேட்டதன்பேரில் "ஒரு கோடி" என்பது "சுமார் மூவாயிரம்" எனத் திருத்தப்பட்டது.) அவை எல்லாம் கிளவுட் என்ற இடத்தில், எங்கள் கம்பெனியின் டொமைனுக்குள் இருந்தன. டொமைன் என்பது மெயில் முகவரியின் பின்பாதியில் வரும் வீட்டுப் பெயர் என்று மருமகள் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

பட்டறையைத் தொடங்கிய பழைய முதலாளி போன வருடம் இறந்துவிட்டார். அதன் பிறகு அவருடைய மாப்பிள்ளை பொறுப்புக்கு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சோறு வேகுமுன் இலை போடுகிற ஆள். அவர் கம்பெனிக்குப் புதுப் பெயர் வைத்தார், புதுப் பலகை மாட்டினார், புது டொமைன் வாங்கினார். இந்த வாரத் தொடக்கத்தில் எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, "வெள்ளிக்கிழமை மதியம் பட்டனை அமுக்கறோம், எல்லா ஃபைலும் புது வீட்டுக்குப் போயிடும். ஞாயித்துக்கிழமை பழைய வீடு காலி, அதை மூடச் சொல்லியாச்சு" என்றார்.

மருமகள் கையைத் தூக்கி, "சார், அதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்து செட்டிங்கும் ஒரு தடவை பார்த்துடறேன்" என்றாள்.

"பார்க்கவேண்டியவங்க பார்த்தாச்சும்மா."

"யாரு சார் பார்த்தாங்க?"

அதற்கு அவர் புதுப் பலகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் திருகாணிப் பெட்டியோடு பின்னால் நின்று இதைக் கேட்டேன்.

அதன் பிறகு மருமகள் செய்த சோதனையை இந்த உலகம் கண்டதில்லை. வீடு மாறுகிறவன் லாரியை வரச் சொல்லுமுன் புது வீட்டில் கட்டில் நுழையுமா, சாவி பொருந்துமா, தண்ணீர் வருமா என்று பார்ப்பானே, அப்படி ஒவ்வொரு செட்டிங்காகத் தட்டிப் பார்த்தாள். வெளியிலிருந்து வரும் ஃபைல் எதையும் வாங்காதே என்று புது டொமைனில் உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதை விலக்கினாள். பழைய அக்கவுண்டுக்கு எதிரே அதே ஆளின் புது அக்கவுண்டைப் பொருத்தவேண்டிய பட்டியலில், வார் தைக்கும் அண்ணனின் ஃபைல்கள் வரவேற்பில் உட்காரும் பெண்ணுக்குப் போகும்படி இருந்தது. அதை மாற்றினாள். நான் எட்டிப் பார்த்து, "என்ன அம்மாடி, யானையை வாசல் வழியாத் தள்ளுற மாதிரி தள்ளிக்கிட்டு இருக்கே?" என்றேன். "மாமா, யானை போயிடும். வால்தான் மாட்டும். அதைத் தேடிட்டிருக்கேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமையான இன்று காலை அவள் எல்லாவற்றையும் அனுப்புமுன் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் அனுப்பிப் பார்த்தாள். அது எங்கள் பகுதிக்குத் தபால் கொடுக்கும் அம்மாவின் ஃபோல்டர். அந்த அம்மாவின் கால் மூன்று தினங்களுக்கு முன் படியில் இடித்து விரிசல் விட்டிருந்தது, புதியது செய்ய அதைத் திறந்து வைத்திருந்தோம். ஃபோல்டர் புது டொமைனுக்குப் போய்ச் சேர்ந்தது. மேலே அந்த அம்மாவின் பெயர் ஜம்மென்று இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மேளம் வந்துவிட்டது, மணமகன் வரவில்லை என்பதுபோல.

அதன் பிறகு மருமகள் தண்ணீர் பாட்டிலோடு பட்டறைக்குள் வந்து நின்றாள். குடிக்கவில்லை. மூடியைத் திறந்து திறந்து மூடினாள். அப்போது அளவெடுக்கும் அக்கா, பழைய முதலாளியின் மேசையருகே இடுப்பை வளைத்து நின்றபடி மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தது.

"அக்கா, ஏன் நின்னுட்டே செய்யறீங்க?"

"ஐயையோ, அது ஐயா நாற்காலி. அதுல யாரு உட்காருவா?"

"எல்லாருமே இப்படித்தானா?"

"இங்க இடுப்பு வலி இல்லாத ஆள் யாரு இருக்கா சொல்லு. படம் எடுக்கற கேமரா இந்தக் கம்ப்யூட்டர்லதான் கோத்திருக்கு. ஐயா நாற்காலியைத் தள்ளி வைக்கவும் மனசு வரல."

மருமகள் பாட்டிலை மூடிவிட்டு, "இதுல யார் பேர்ல லாகின் பண்றீங்க?" என்று கேட்டாள்.

"லாகினா? இதை யாரு மூடினா? ஐயா திறந்து வெச்சது. அப்படியே இருக்கு."

இவ்விடத்தில் நான் உண்மையை மட்டும் சொல்கிறேன், எழுத்தர் திருத்தவேண்டியதில்லை. மருமகள் அந்த மேசைக்குப் போய், அவளும் நாற்காலியில் உட்காராமல் இடுப்பை வளைத்தே நின்று, திரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே பழைய முதலாளியின் சின்னப் புகைப்படம் இருந்தது. அவர் இறந்த பிறகு எடுத்த கால்கள்கூட அவர் பெயரிலேயே ஏறியிருந்தன. மூவாயிரம் கால்களுக்கும் உரிமையாளர் அவர்தான். புது டொமைனுக்கு ஆள் சேர்த்தபோது மாப்பிள்ளை முதலாளி சம்பளம் வாங்குகிறவர்களை மட்டும் சேர்த்திருந்தார். செத்தவர் சம்பளம் வாங்குவதில்லை. ஆகவே கால்களை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஆள் இல்லை. பட்டனை அமுக்கியிருந்தால் பெயர்கள் மட்டும் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பழைய வீட்டோடு கால்களும் இடிந்திருக்கும்.

நாங்கள் எல்லாரும் மரியாதை செய்கிறோம் என்று நினைத்து ஒரு வருடமாக இடுப்பை ஒடித்துக்கொண்டது, அந்த மனிதர் கட்டியதையெல்லாம் தரைமட்டமாக்கப் பார்த்தது. அதைக் கண்டுபிடித்தது என் மருமகள். எங்கள் இடுப்பைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

அதன் பிறகு அவள் மாப்பிள்ளை முதலாளியின் அறைக்குச் சென்று விவரம் சொன்னாள். நானும் திருகாணிப் பெட்டியோடு வாசலில் மலைபோல் நின்றேன். ("மலைபோல்" அடிக்கப்பட்டது.)

அவர், "செத்தவருக்கு எதுக்கும்மா அக்கவுண்ட்? அவரா வந்து மெயில் பார்க்கப்போறாரு?" என்றார்.

"அவர் பார்க்க வேணாம் சார். வாங்கிக்க ஒரு ஆள் வேணும்."

"உயிரோட இருக்கிற ஆளுங்களுக்குத்தான் இடம் வாங்கியிருக்கேன். சாயந்தரம் விளம்பரக்காரங்க வர்றாங்க. நீ அமுக்கலைன்னா நான் அமுக்கறேன். என்கிட்டயும் அட்மின் பாஸ்வேர்டு இருக்கு."

நான் இடையில் புகுந்து, "தம்பி, ஒரு நாள் பொறுத்தா வானம் இடிஞ்சா விழும்?" என்றேன். அவர், "ஸ்டோர்க்காரரே, உங்க வேலை திருகாணி எண்ணறது" என்றார். அது உண்மையானபடியால் நான் பெட்டியிலிருந்த திருகாணிகளை எண்ணத் தொடங்கினேன்.

அதன் பிறகு மருமகள் தன் இடத்துக்கு வந்து, மதியம் ஓடவேண்டிய வேலையை நிறுத்தினாள். அவருடைய அட்மின் உரிமையையும் எடுத்துவிட்டாள். திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. செய்த உடனே அவருக்கு, "சார், உங்க அட்மின் உரிமையை நான் எடுத்திருக்கேன். ஃபைல் எதையும் தொடலை. பழைய டொமைனை மூட வேணாம்னு சொன்னதும் திருப்பித் தந்துடறேன்" என்று செய்தி அனுப்பினாள். வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். "மாமா, அம்மாகிட்ட இப்போ சொல்லாதீங்க" என்றாள். நான் எந்த ரகசியத்தையும் அரைமணி நேரத்துக்கு மேல் வைத்திருந்ததில்லை என்பது ஊரறிந்தது. இதை இன்னும் சொல்லவில்லை.

அதன் பிறகு மாப்பிள்ளை முதலாளி இந்த நிலையத்துக்கு வந்து, தன் கம்பெனியை ஊழியர் ஒருத்தி பூட்டி அபகரித்துவிட்டாள் என்று புகார் கொடுத்தார். காவலர்கள் வந்து அழைத்தபோது மருமகள் மடிக்கணினியையும் சாப்பிடாத டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் என் ஸ்கூட்டரில் விமான வேகத்தில் பின்தொடர்ந்தேன். ("விமான வேகத்தில்" என்பது "பின்னால்" எனத் திருத்தப்பட்டது.)

இத்துடன் வாக்குமூலம் நிறுத்தப்பட்டு, ஆய்வாளர் இருதரப்பையும் விசாரித்த பின் தொடர்கிறது.

ஆய்வாளர் மருமகளிடம், "அவர் சாவியை ஏன் பிடுங்கின?" என்று கேட்டார். மருமகள், "இப்பவே தர்றேன் சார். தர்றதுக்கு முன்னாடி புது டொமைன்ல ஒரே ஒரு காலைத் திறந்து காட்டச் சொல்லுங்க" என்றாள்.

மாப்பிள்ளை முதலாளி, "இதுல என்ன இருக்கு" என்று சொல்லித் தம் ஃபோனில் தபால்கார அம்மாவின் ஃபோல்டரைத் திறந்தார். பெயர் வந்தது. தட்டினார். மறுபடி தட்டினார். ஃபோனை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தட்டினார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அதன் பிறகு ஆய்வாளர் சொன்னதன்பேரில் மருமகள் மடிக்கணினியில் பழைய டொமைனைத் திறந்தாள். திரையில் அந்த அம்மாவின் கால் மெல்லச் சுழன்றது. முழங்காலுக்குக் கீழே பழைய தழும்பு உட்படத் தெரிந்தது. ஓரத்தில் பழைய முதலாளியின் சின்னப் படம் இருந்தது.

ஆய்வாளர் இரண்டையும் பார்த்துவிட்டு, "இதுதான் கால்னா, உங்க ஃபோன்ல இருக்கறது என்னங்க?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை முதலாளி மாமனாரின் அந்தச் சின்னப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபோனில் யாரையோ அழைத்து, ஞாயிற்றுக்கிழமை எதையும் மூடவேண்டாம் என்றும், புது டொமைனில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து புதிதாக யாராவது வேலைக்குச் சேர்கிறார்களா என்று கேட்டிருக்க வேண்டும். "இல்ல, ரொம்பப் பழைய ஆள்" என்றார்.

மருமகள் நிலையத்தின் பெஞ்சிலேயே உட்கார்ந்து, முதல் வேலையாக அவருடைய உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய முதலாளிக்குப் புது அக்கவுண்ட் திறந்தாள். என்ன பதவி என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவள் நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"முதலாளின்னு போடும்மா" என்றார்.

அதன் பிறகு அவள் தபால்கார அம்மாவின் ஃபோல்டரை மறுபடி அனுப்பினாள். மாப்பிள்ளை முதலாளியின் ஃபோனில் கால் சுழன்றது. எழுத்தர்கூட எழுதுவதை விட்டுவிட்டு எழுந்து வந்து பார்த்தார். (இவ்வரியை அடிக்க எழுத்தர் முயன்றார். ஆய்வாளர் இருக்கட்டும் என்றார்.)

புகார்தாரர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். பிறகு மருமகளிடம் வந்து, "இப்போ அமுக்கலாமாம்மா?" என்று கேட்டார். அவள், "இன்னும் ரெண்டு செட்டிங் பாக்கி இருக்கு சார்" என்றாள். அவர், "சரிம்மா, பார்த்துட்டுச் சொல்லு" என்று சொல்லி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் டிபன் டப்பாவைத் திறந்தாள். நாளை அந்த நாற்காலியைத் துடைத்து, அளவெடுக்கும் அக்காவை அதில் உட்காரவைக்க வேண்டும் என்பது அவளுடைய முதல் உத்தரவு. மாப்பிள்ளை முதலாளி அதற்கும் தலையாட்டினார்.

மேலே எழுதப்பட்டவை எனக்கு உரக்கப் படித்துக் காட்டப்பட்டன. நான் ஊதிப் பெருக்கிய இடங்களில் எழுத்தர் ஊசி குத்திவிட்டதால் எஞ்சியவை முழு உண்மை. ஆனால் முதல் பத்தியில் என் மருமகளின் மூளையைப் பற்றி நான் சொன்னதை அடிக்கலாமா என்று எழுத்தர் இப்போது கேட்டபோது, அது மட்டும் மிகையல்ல, அப்படியே இருக்கட்டும் என்றேன். எழுத்தர் பெஞ்சுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ரீல் மாமா