நல்லா இருக்கான்னு சொல்லாதே

— திரும்பச் சொல்லு. ஆபீஸ் உள்ள போனதும் அந்த அதிகாரி அம்மா கேக்கறாங்கன்னு வெச்சுக்கோ: "டெக்லன் தானா சட்டை போட்டுக்குவானா?"

— போட்டுக்குவான்.

— கிளென்!

— போட்டுக்கறானே மார்னி. இன்னிக்குக் காலைலகூட போட்டுக்கிட்டான்.

— எத்தனை மணிக்கு ஆரம்பிச்சான்?

— ஆறே முக்கால் இருக்கும்.

— எப்ப முடிஞ்சுது?

— எட்டு.

— நடுவுல காலர்ல உறுத்தின துணிச்சீட்டைக் கத்தரிச்சது யாரு? நீலச் சட்டைதான் வேணும்னு நின்னானே, ஈரச் சட்டையை ஹேர் டிரையர் பிடிச்சுக் காய வெச்சது யாரு?

— நான்தான். அதெல்லாம் ஒரு வேலையா?

— பார்த்தியா, இங்கதான் கெட்டுது. பதினோரு வயசுப் பையன், ஒரு சட்டை போட ஒண்ணேகால் மணி நேரம், கூடவே ஒரு ஆளு. உள்ள போய் அதைச் சொல்லு. "போட்டுக்குவான்"னு மொட்டையா சொல்லாதே.

— என் புள்ளைக்கு இது வராது, அது வராதுன்னு முன்னபின்ன தெரியாத ஆளுகிட்ட பட்டியல் போடச் சொல்றே. நாக்கு புரள மாட்டேங்குது மார்னி.

— செப்டம்பர்ல நல்லாப் புரண்டுதே. ஆட்டிசம் இருக்கற புள்ளைக்கு என்ன உதவி வேணும்னு இதே ஆபீஸ்லேருந்து அவங்களே போன் பண்ணிக் கேட்டாங்க. நான் ஆஸ்பத்திரி லாண்டரில இருக்கேன். நீ ஒரு கையில வேலிக் கம்பி, ஒரு கையில போன். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, நல்லா இருக்கான், நாங்க சமாளிச்சுக்கறோம்." அவங்களும் அப்படியே எழுதிக்கிட்டாங்க. டெக்லனைப் பாத்துக்க மெர்வ் வாரத்துக்கு நாலு நாள் வந்துக்கிட்டிருந்தான். அக்டோபர்லேருந்து வாரத்துக்கு அரை நாள்தான்.

— ரெண்டு மாசமா இதையே சொல்லிக் காட்டறே.

— சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன்.

— போன் பண்ணின பொண்ணு "டெக்லன் எப்படி இருக்கான்?"னு அன்பாக் கேட்டுது. நம்ம பக்கத்துல அப்படிக் கேட்டா என்ன சொல்லுவோம்? மூணு வருஷம் மழை இல்லாம ஆடு பாதி செத்துக் கிடந்தப்பவும் எங்கப்பா "பரவாயில்ல"ன்னுதான் சொன்னாரு.

— நெஞ்சு வலிக்குதான்னு கேட்டப்பவும் அதேதான் சொன்னாரு. சொல்லிட்டு டிராக்டர்லேயே போய்ச் சேர்ந்தாரு.

— அவரை எதுக்கு இப்ப இழுக்கறே?

— சரி, இழுக்கல. பத்து மணிக்குக் கூப்பிடுவாங்க. இன்னும் இருபது நிமிஷம் இந்த வண்டிக்குள்ளதான் உட்காரணும். மெர்வை நினைச்சுக்கோ. அவனுக்கு முன்னாடி வந்ததுங்களை நினைச்சுக்கோ.

— அந்த சென்ட் போட்டவ.

— அவ வாசப்படி ஏறினதும் டெக்லன் வாந்தி எடுத்தான். அப்புறம் அந்த ஸ்டிக்கர்காரன். கண்ணைப் பார்த்துப் பேசினா ஒரு நட்சத்திரம்.

— அத்தனை நட்சத்திரத்தையும் நம்ம ஆளு நாய் மேல ஒட்டினான்.

— சிரிக்காதே.

— நீதான் சிரிக்கறே.

— மெர்வ் வந்தப்ப எனக்கு நம்பிக்கையே இல்ல. முப்பது வருஷம் ஆட்டு ரோமம் கத்தரிச்ச ஆளு, இவனுக்கு நம்ம புள்ளையைப் பத்தி என்ன தெரியும்னு நினைச்சேன்.

— ரெண்டு வாரம் அவன் ஒரு வார்த்தை பேசலியே. ஓடைக்கரையில போய் உட்கார்ந்தான். டெக்லன் ஒரு வரிசை கல் அடுக்கினா, தள்ளி உட்கார்ந்து இவன் ஒரு வரிசை.

— மூணாவது வாரம் டெக்லன் தன் கல்லுல ஒண்ணை எடுத்துட்டுப் போய் மெர்வ் வரிசையில வெச்சான். சமையக்கட்டு ஜன்னல்லேருந்து பார்த்துட்டு ஓன்னு அழுதேன். பதினோரு வருஷத்துல அவன் யாருக்கும் ஒரு பொருளைக் குடுத்ததில்ல, எனக்குக்கூட. அப்படிப்பட்ட ஆளை நீ ஒரு போன்ல கோட்டை விட்டுட்டே.

— சரி. கேளு. இந்தத் தடவை ஒழுங்காச் சொல்றேன்.

— "வணக்கம் கிளென். இந்த வருஷத்துல உங்களுக்கு ரொம்ப மோசமா இருந்த நாள்னா எதைச் சொல்லுவீங்க?"

— நீ "நீங்க வாங்க"ன்னு பேசினா சிரிப்பு வருது.

— "பதில் சொல்லுங்க கிளென்."

— ஜூலை மாசம். வில்மிங்டன் பக்கம் வேலி போட்டுக்கிட்டிருந்தேன். அவனையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். என் விரல் உடைஞ்சுது.

— அது கம்பி இறுக்கறப்ப மாட்டினதுதானே? அதை எதுக்கு இங்க சொல்றே?

— மாட்டல.

— என்ன மாட்டல?

— கம்பில மாட்டல மார்னி. தீயணைப்பு வண்டி ஒண்ணு சைரன் போட்டுக்கிட்டுப் போச்சு. அவன் பயந்து வண்டிக்குள்ள பாஞ்சு கதவை அறைஞ்சு சாத்தினான். என் கை நடுவுல இருந்துச்சு. அப்புறம் அந்தப் பக்கக் கதவைத் தொறந்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடிட்டான். லாரி வர்ற ரோடு. ஓடிப்போய்ப் பிடிச்சு, ஓரமா சரளைக் கல்லுல நாப்பது நிமிஷம் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். அந்தக் கையாலதான்.

— அடப்பாவி. என்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா அவனை என்கூட அனுப்ப மாட்டே. அவனுக்கு அது பிடிக்கும் மார்னி. இறுக்கின கம்பில காதை வெச்சுக்கிட்டு, காத்து அடிக்கறப்ப அதுல வர்ற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நிப்பான். அவன் முகம் அப்படி ஒரு அமைதியா இருந்து வேற எங்கயும் நான் பார்த்ததில்ல.

— இதை உள்ள சொல்லுவியா?

— சொல்றேன். அடிச்சான்னு சொல்ல மாட்டேன். பயந்துட்டான்னு சொல்வேன்.

— அதுதானே உண்மை. அது போதும். மூக்கைத் துடை.

— இப்ப நான் கேக்கறேன்.

— என்னத்தை?

— அவங்க படிவத்துல கடைசிப் பக்கத்துல, புள்ளையைப் பாத்துக்கறவங்களைப் பத்தி ஒரு கேள்வி இருக்கே. "வணக்கம் மார்னி. இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய உங்களால முடியுதா?"

— முடியுது. அடுத்தது.

— இன்னொரு தடவை கேக்கறேன்.

— நான் நல்லாத்தான் இருக்கேன் கிளென். தூக்கம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். சமாளிச்சுக்கறேன்.

— இப்ப நீ யாரு மாதிரிப் பேசறே?

— போன மாசம். ஒரு வியாழக்கிழமை. இங்க போர்ட் அகஸ்டால மளிகை வாங்கிட்டு வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தேன்.

— ம்.

— நம்ம ஊருக்குப் போற குவார்ன் திருப்பம் வந்துச்சு. நான் திரும்பல.

— ம்.

— நேரா ஓட்டினேன். எங்க போறேன்னு தெரியல. பின்னாடி ஐஸ்க்ரீம் உருகிக்கிட்டிருந்துச்சு. ஒரு மணி நேரம், போர்ட் பிரீ ஊர்ல அந்தப் பெரிய புகைபோக்கி தெரியற வரைக்கும் போயிட்டேன். ஓரமா நிறுத்தி, இப்படியே திரும்பாம இருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன். புள்ளை இல்லாம, நீ இல்லாம. நல்லா இருந்துச்சு கிளென். ஒரு பத்து நிமிஷம் ரொம்ப நல்லா இருந்துச்சு.

— அப்புறம் வந்துட்டே.

— ரோடு வேலை நடக்குது, அதான் லேட்டுன்னு பொய் சொன்னேன்.

— சொன்னே.

— இதைப் போய் உள்ள சொன்னா, நீயெல்லாம் ஒரு தாயான்னு அவனைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க.

— மாட்டாங்க. மெர்வ் எதுக்கு நாலு நாளும் வேணும்னு அப்பதான் அவங்களுக்குப் புரியும். நான் விரலைச் சொல்றேன், நீ இதைச் சொல்லு. சொல்றப்ப என் கையைப் பிடிச்சுக்கோ. நல்ல கையைப் பிடி.

— ஆமா, உனக்குத் தூக்கிவாரிப் போடலியா? கோவம்கூட வரலியே?

— எனக்கு அப்பவே தெரியும்.

— எப்படி?

— மறுநாள் காலைல உன் காரைத் தள்ளி நிறுத்தினேன். பெட்ரோல் முள்ளு அடியில கிடந்துச்சு. கடைக்குப் போய்ட்டு வர அவ்வளவு ஆகாது.

— தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?

— எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. ஷெட்ல இருந்த டிரம்லேருந்து டேங்க்கை நிரப்பினேன். அன்னிலேருந்து தினமும் காலைல பார்த்து நிரப்பிடறேன்.

— எதுக்குடா?

— மறுபடியும் உனக்கு அப்படித் தோணிச்சுன்னா நீ போவே. போன இடத்துல, வீட்டுக்கு வரணும்னும் தோணும் இல்லியா? அதுக்குப் பெட்ரோல் வேணும்ல.